‘எச்சரித்தோம்’, ‘யாரும் சொல்லவில்லை’: பொன்முகலிக் கரையிலிருந்து அரசின் அறிவிப்புமொழி குறித்துச் சில குறிப்புகள்

(நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசிக்க வேண்டுகிறேன்.)

2021 நவம்பர் 19 அதிகாலையில், அன்றைய கடப்பை மாவட்டத்தின் இராஜம்பேட்டைக்கு அருகே செய்யேற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்தது. மேலேயுள்ள பிஞ்சா அணையிலிருந்து பாய்ந்த வெள்ளத்தை அது தாங்கவில்லை. புலபத்தூர், தொகுருபேட்டை, மந்தபல்லி, குண்ட்லூர் ஆகிய ஊர்கள் நீரில் சிக்கின. பலர் மாண்டனர். ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை செல்லும் இருப்புப்பாதை நந்தலூர், இராஜம்பேட்டை இடையே அரித்துச் செல்லப்பட்டது. அணையின் 5 மதகுகளில் ஒன்று இயங்கவில்லை என்று மத்திய ஜல்சக்தி அமைச்சர் மாநிலங்களவையில் கூறியதும், மாநில அரசு அதற்கு மறுப்புரைத்ததும் பின்னர் நிகழ்ந்தவை.

அந்த விவாதத்தின் பொறியியல் பகுதி என் துறை சார்ந்ததன்று. அதனூடே ஓடிய வேறொரு முரண் என்னை விடவில்லை. மக்களை முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசுத் தரப்பு. எங்களுக்கு உரிய எச்சரிக்கை வரவில்லை என்றனர் கிராமத்தவர். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். இரண்டுமே உண்மையாக இருப்பதற்கும் இடமுண்டு. அது எவ்வாறு என்பதே இப்பதிவின் கேள்வி.

மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962இல் நூலாக வெளிவந்த உரைகளில், சொல்வதன் வழியாகவே செய்யப்படும் செயல்களை ஆராய்ந்தார். வாக்களித்தல், பெயரிடுதல், எச்சரித்தல் ஆகியன அவற்றுட் சில. எச்சரித்தல் நிறைவேற ஒருவர் வாய்திறந்தால் மட்டும் போதாது. கேட்போர் அதைக் கேட்டு, எச்சரிக்கை என்றே உணர்ந்து ஏற்கவும் வேண்டும் என்பது அவர் கருத்து. செய்திக்குறிப்பு வெளியாகிவிட்டது, குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது, கோப்பில் கையொப்பமும் ஆகிவிட்டது. இவ்வளவும் நடந்த பின்னரும் எச்சரித்தல் என்னும் செயல் நடவாமல் போகலாம். ‘எச்சரித்தோம்’ என்பது அனுப்பியவரின் இறந்தகாலம். கேட்க வேண்டியவரின் காலத்தில் அச்செயல் இன்னும் நிகழவேயில்லை. இந்த இடைவெளி எப்படி உருவாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதை எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1. சாற்றுதலும் சாட்டுதலும்

ரேணிகுண்டாவைத் தொட்டோடும் ஸ்வர்ணமுகியைத் தமிழ்ப் பக்தி இலக்கியம் பொன்முகலி என்றது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சித்தூரே வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். 1953இல் ஆந்திரம், 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைதல், 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாதல் என்று கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இங்கு ஏராளம். எங்களுடையதும் அவற்றில் ஒன்று.

ஊருக்கு ஒன்றை அறிவித்தலைத் தெலுங்கில் ‘சாட்டு’ என்பர், அவ்வறிவிப்பு ‘சாட்டிம்பு’. தமிழில் ‘சாற்று’. தமிழின் றகர இரட்டிப்புக்கு நேராகத் தெலுங்கில் டகர ஒலி வருவது ஒழுங்கான மாற்றம்: பற்று, பட்டு, சுற்று, சுட்டு, புற்று, புட்ட. ஆகவே சாற்றும் சாட்டும் ஒரே திராவிட வேரின் இரு கிளைகள். எல்லைக்கோடு இருபுறமாகப் பிரித்த ஊர்களில் அறிவிப்பு மட்டும் ஒரே சொல்லாக நின்றது. ‘பறை’ இன்னும் ஆழமானது. பழந்தமிழில் அது கருவியின் பெயர், கூறுதல் என்னும் வினையும் கூட. மலையாளத்தில் இன்றும் ‘பறயுக’ என்றால் சொல்லுதல்தான். கருவியும் பேச்சும் ஒரே சொல்லில் ஒடுங்கியிருந்தன.

தமிழில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பொது எச்சரிக்கைகளுள் ஒன்று என்று புறநானூற்றின் 9ஆம் பாட்டைச் சுட்டலாம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. பகைவர் நாட்டின்மீது அம்பு தொடுக்குமுன் இன்னின்னார் காவலான இடம் சேர்க என்று அறிவிக்கும் மரபை அது போற்றுகிறது. ஆக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர் என்று எச்சரிக்கப்படுவோரின் பட்டியல் அதில் உண்டு. அறம் குறித்த பாட்டாகவே இதை வாசித்துப் பழகியிருக்கிறோம். பேச்சுச் செயலாக வாசித்தால் அதன் அமைப்பு தெளிவாகத் தெரியும்: சொல்பவர் இன்னார், கேட்பவர் இன்னார், வரும் ஆபத்து இது, நீர் செய்ய வேண்டியது இது. பட்டியலில் இல்லாதவர் எச்சரிக்கைக்கு உரியவராகார் என்பதும் அதே அமைப்பில் அடங்கியிருக்கிறது. எந்த எச்சரிக்கையையும் யாரை விளிக்கிறது, யாரை விடுகிறது என்ற இரு கேள்விகளோடு அணுகுவது நலம்.

2. கரைக்கு வா என்ற அரசு

குடியேற்ற ஆட்சியின்போது இப்பகுதியின் நிரந்தர அபாயம் ஏரிக்கரை உடைப்பு. இராயலசீமையில் ஏரியை அமைத்துப் பேணுவோருக்கு நிலம் விடும் ‘தசபந்தம்’ என்னும் மானிய முறை இருந்தது. மதகையும் கரையையும் காக்கும் ஊழியரைத் தெலுங்கில் நீருகண்டி என்றும், தமிழில் நீர்க்கட்டி என்றும் அழைத்தனர். அவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். மழையிரவில் கரையில் நின்றவர் அவரே. கசிவை முதலில் கண்டவரும் அவரே.

சென்னை மாகாணத்தில் 1858இன் முதலாம் சட்டம் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அறியப்படுகிறது. வெள்ளத்தால் நேரும் கேட்டைத் தடுக்கக் கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்குவது அதன் நோக்கம். ஏரியோ ஆற்றுக்கரையோ உடையும் நிலையில், அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பினரில் உடல்வலுவுள்ள ஆண்களைக் கரைக்கு வரவழைக்கும் அதிகாரத்தை அது வழங்கியது. குடிமராமத்து என்ற வழக்கத்திற்குச் சட்டத்தின் கை நீண்ட கதையாகவே பாசன வரலாற்றாளர் இதை விவரிப்பர்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வினையின் திசை. இன்றைய எச்சரிக்கையின் வினை ‘போ’, ‘வெளியேறு’. அன்றைய அழைப்பின் வினை ‘வா’. ஆபத்தை நோக்கி வரச் சொன்னது அரசு. அதுவும் எல்லாரையும் அழைக்கவில்லை. உழைப்பவரை மட்டும் அழைத்தது. கரை நின்றால் நிலமுடையோரின் பயிர் பிழைக்கும். கரையில் நின்றவருக்கோ பெரும்பாலும் நிலமே இல்லை. ஆயினும் அந்த அநீதியான ஏற்பாட்டுக்குள் ஓர் அறிவு தங்கியிருந்தது. எந்தக் கசிவு அஞ்சத்தக்கது, எந்த மதகை எப்போது திறக்க வேண்டும், நீர் எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்பதைக் கேட்போர் அறிந்திருந்தனர். அழைப்பு சுருக்கமாக இருந்ததற்குக் காரணம், எஞ்சியது கேட்பவரிடமே இருந்ததுதான்.

3. சொல்லாமல் விடுதலும் ஒரு செயல்

ஆபத்து மெதுவாக வரும்போது அரசின் மொழி வேறு வகையில் தடுமாறும். பஞ்சமே அதற்குச் சான்று. சென்னை இருப்புப்பாதையின் வடமேற்குத் தடம் 1860களில் ரேணிகுண்டா வழியாகப் போடப்பட்டது. 1876-78இன் பெரும்பஞ்சத்தில் தானியம் இந்தத் தடத்தில்தான் கடப்பைக்கும் பல்லாரிக்கும் போயிற்று. தடத்தை ஒட்டித் தந்தியும் சென்றது. 1877 ஆகஸ்ட் 4 அன்று ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் தலைமையில் சென்னையில் கூடிய கூட்டம் இலண்டன் மாநகரத் தலைவருக்கு உதவி கோரித் தந்தி அனுப்பியது. லிட்டனின் இந்திய அரசு இதை விரும்பவில்லை. பஞ்சத்தைப் பற்றிய செய்தி கடல் கடந்து இலண்டனைச் சேர நாள்கணக்குப் போதுமானதாயிருந்தது. எந்த ஊரில் எந்த நாளில் நிவாரணப் பணி திறக்கும் என்ற செய்தி அடுத்த ஊரைச் சேர அதே வேகம் இல்லை. அது கர்ணம், தலையாரி, வெட்டி என்னும் பழைய சங்கிலியின் வழியே நடந்து வந்தது.

1880இன் பஞ்ச ஆணையத்தைத் தொடர்ந்து 1883இல் சென்னைப் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. அதன்பின் ‘பஞ்சம்’ என்று அறிவிப்பது வெறும் வருணனையாக இருக்கவில்லை. அறிவித்த கணத்தில் அரசின்மேல் கடமைகள் ஏறும். ஆகவே அச்சொல்லைத் தள்ளிப்போட அரசுக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. ‘தட்டுப்பாடு’, ‘துயரநிலை’ போன்ற இடைநிலைச் சொற்கள் கோப்புகளில் பெருகின. 1943இல் வங்காளத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டபோதும் விதித்தொகுப்பின்படியான பஞ்ச அறிவிப்பு வெளியாகவேயில்லை. அறிவிப்பு ஒரு செயல் என்றால், அறிவிக்காமல் விடுதலும் ஒரு செயலே என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

4. தண்டோராவின் இரு முகங்கள்

இந்த நெடுங்காலம் முழுதும் கடைசி இருநூறு அடியில் அரசின் குரலாக இருந்தவர் தோலிசைக்கருவியோடு தெருவில் நின்ற மனிதர். தமுக்கு, டமாரம், வடக்கிலிருந்து வந்த தண்டோரா என்று பெயர்கள் பல. ஏலம், வரி, கோயில் திருவிழா, கொள்ளைநோய், வெள்ளம் எல்லாவற்றுக்கும் அதே கை, அதே தோல். ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்’ என்ற தொடக்கம் நகைச்சுவைக் காட்சிகளில் தேய்ந்துபோயிற்று. அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். கேட்போர் நான்காம் வேற்றுமையில் வெளிப்படையாக நிற்கின்றனர். சொல்பவர் கண்முன் நிற்கிறார். அவரை நிறுத்தி, ‘எந்தப் பக்கம் உடைஞ்சது? இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்கலாம்.

அவரிடம் எல்லாரும் கேட்கலாம்; அவர் யாரிடமும் கேட்க முடியாது என்பது மறுபக்கம். தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்ட ஊழியம் அது. சொல்லும் செய்தியில் அவருக்கு உரிமையில்லை. கெட்ட செய்தியின் வசை மட்டும் அவருக்கு. அரசுக்காகப் பறையறைந்தவரின் சேரி பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த பக்கத்தில், நீர் முதலில் ஏறும் இடத்தில் இருந்தது. 1994 ஜூலை 7 அன்று பிரகாசம் மாவட்டத்தின் ஈதுமூடி கிராமத்தில் தொடங்கிய மாதிகா இடஒதுக்கீட்டுப் போராட்டம் தன்னை ‘தண்டோரா’ என்றே அழைத்துக்கொண்டது. பிறர் செய்தியை அறைந்த கருவி அன்று தம் செய்தியை அறைந்தது. தெலுங்கு அரசியல் சொற்களஞ்சியத்தில் அதைவிடக் கூரிய பொருள்மாற்றம் ஒன்றை நான் அறியேன்.

தமிழ்நாட்டில் 1980இலும் ஆந்திரத்தில் 1984இலும் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி வாகன ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். சரியான முடிவு, காலந்தாழ்ந்த முடிவு. இழிவு ஒழிய வேண்டியதே. ஆயினும் அந்த மனிதர் இரு வேலைகள் செய்தார் என்பதை மறக்கலாகாது. ஒன்று ஒலி எழுப்புதல். மற்றொன்று, தெருவை அறிந்தவராக, தெருவின் மொழியில், கேள்விக்கு விடை சொல்லும் தொலைவில் நிற்றல். முதல் வேலைக்கு ஒலிபெருக்கி வந்துவிட்டது. இரண்டாம் வேலைக்கு யாரை அமர்த்தினோம்?

5. வேகம் கூடியது, விளி தொலைந்தது

1977 நவம்பர் 19. நாள் ஒற்றுமை தற்செயலே. அன்று கிருஷ்ணா மாவட்டத்துத் திவிசீமையைக் கடல் மூடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்திய வானிலைத் துறை 1875 முதலே இயங்கிவந்தது, வானொலியும் இருந்தது. மக்களைக் கொன்றது காற்றைவிடக் கடல்நீரே. தெலுங்கு மக்கள் அந்நிகழ்வைப் புயல் என்பதைவிடத் ‘திவிசீமை உப்பென’ என்றே நினைவுகூர்கின்றனர். உப்பென என்றால் புயலோடு எழுந்து நிலத்தில் புகும் கடல். தமிழில் அதற்கு நிகரான வழக்குச் சொல் நம் நாவில் இல்லை. ‘கடல் கொந்தளிப்பு’ என்று சமாளிக்கிறோம். ஆபத்தின் பெயரே எதிலிருந்து தப்புவது என்பதை முடிவு செய்கிறது. காற்றுக்கு அஞ்சுபவர் வீட்டுக்குள் ஒடுங்குவார். உப்பெனைக்கு அஞ்சுபவர் மேட்டுக்கு ஓடுவார்.

அதன் பின்னர்க் கற்றுக்கொண்டவை உண்மையானவை. 1980களின் நடுவில், இன்சாட் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை வட்டார மொழியிலேயே கடலோர அலுவலகங்களுக்கு நேரடியாக ஒலிபரப்பும் கருவிகள் முதலில் வட தமிழகத்திலும் தென் ஆந்திரத்திலுமே நிறுவப்பட்டன. 1990 மே மாதம் ஆந்திரத்தைத் தாக்கிய கடும்புயலில் மாண்டோர் ஆயிரத்துக்கும் குறைவு. 1999இன் ஒடிசா பெரும்புயலுக்குப் பிறகு எச்சரிக்கை நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டது. வேகமும் துல்லியமும் கூடின என்பதில் ஐயமில்லை.

கூடவே கேட்பவர் யார் என்பது மங்கலாயிற்று. 2018 அக்டோபர் 7க்குத் தமிழ்நாட்டுக்கு ‘ரெட் அலர்ட்’ விடுக்கப்பட்டபோது கடைகளில் பாலும் ரொட்டியும் தீர்ந்தன. அஞ்ச வேண்டாம் என்று அதிகாரிகள் விளக்கம் தர வேண்டியதாயிற்று. வானிலைத் துறையின் வண்ணங்கள் முதன்மையாக நிர்வாகத்தை நோக்கியவை: மஞ்சள் கவனித்திரு, ஆரஞ்சு ஆயத்தமாகு, சிவப்பு செயலில் இறங்கு. ஆட்சியருக்கு எழுதிய கடிதத்தை ஊரே பிரித்துப் படித்தது. அதில் ஊர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. பின்னர்ச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை அவ்வெள்ளத்தை மனிதர் விளைவித்த பேரிடர் என்றது. முன்னறிவிப்பு விடுத்தோமா இல்லையா என்ற வழக்கு அன்றும் எழுந்தது. ‘கன அடி’ என்னும் அலகு மதகை இயக்குபவருக்கு உரியது. கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அந்த எண் படிக்கட்டின் எத்தனையாவது படி என்று யாரேனும் பெயர்த்துச் சொன்னால்தான் அது எச்சரிக்கை. பெயர்க்கப்படாத எண் அறிவிப்பாக மட்டுமே நின்றுவிடும்.

எங்கள் எல்லையில் இந்தப் பெயர்ப்பு இருமடங்கு தேவை. கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பினால் குசஸ்தலி வழியே பள்ளிப்பட்டு மூழ்கும். நீர் கொசஸ்தலையாறு என்று பெயர் மாறிப் பூண்டிக்குப் போகும். பிச்சாட்டூர் அணையின் உபரிநீர் ஆரணியாற்றில் ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர்களைத் தேடிவரும். தெலுங்கு பேசும் பொறியாளர் தமிழ் பேசும் பொறியாளருக்கு ஆங்கிலத்தில் ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்த எண் மாவட்டம், வட்டம் என்று இறங்கி, கரையோர ஊருக்குத் தமிழில் ‘கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்’ என்று வந்து சேர்கிறது. எண்ணும் போயிற்று, நேரமும் போயிற்று, இடமும் போயிற்று. எஞ்சியது அறிவுரை.

6. படர்க்கையில் பேசும் அரசு

அரசின் அறிவிப்புமொழியில் மிகுதியாக வரும் வாக்கிய வடிவம் ஒன்றைப் பார்ப்போம்: ‘தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ தெலுங்கிலும் ஏறத்தாழ இதே அச்சு: ‘லோதட்டு ப்ராந்தால ப்ரஜலு அப்ரமத்தங்கா உண்டாலி.’ அதாவது, தாழ்வான பகுதி மக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்.

தமிழ் வடிவத்தில் தன்மை இல்லை. கேட்டுக்கொள்பவர் யார் என்பதைச் செயப்பாட்டுவினை மறைத்துவிடுகிறது. முன்னிலையும் இல்லை; ‘பொதுமக்கள்’ என்னும் படர்க்கையைப் பற்றி வேறு யாரிடமோ பேசுவதுபோல் இருக்கிறது. இடமும் இல்லை, தம் வீட்டு முகவரியைத் ‘தாழ்வான பகுதி’ என்று எண்ணிக்கொள்பவர் எவருமில்லை. அவர்களுக்குத் தெரு உண்டு, கோயில் உண்டு, ரயில்வே கேட் உண்டு. ‘பாதுகாப்பான இடம்’ எது என்பதும் இல்லை. தெலுங்கு வடிவம் இன்னும் ஒரு படி மேல்: அதில் செயலே இல்லை, விழிப்பு என்னும் மனநிலை மட்டும் உண்டு. சட்டப்படி இவ்வாக்கியங்கள் குறையற்றவை. பின்னாளில் விசாரணை வந்தால் ‘எச்சரித்தோம்’ என்று காட்ட இவை போதும். இவை அதற்காகவே வடிவம் பெற்றவை என்று குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. அலுவலக மொழியின் இயல்பான பழக்கம், விளிக்க வேண்டிய இடத்திலும் தொடர்கிறது என்பதே என் கருத்து.

2023இல் நாடெங்கும் கைப்பேசிகளில் அவசரகால எச்சரிக்கைச் சோதனை நடந்தபோது நான் வீட்டில் இருந்தேன். எல்லார் கைப்பேசிகளும் ஒரே சமயத்தில் அலறின. பாட்டி பதறி எழுந்து, ‘என்னடா சொல்றான்?’ என்றாள். இது சோதனை, எந்த நடவடிக்கையும் தேவையில்லை, புறக்கணிக்கவும் என்பதே அச்செய்தியின் சாரம். சோதனைக்கு அது தேவையான வாசகம்தான். ஆனால் பாட்டியின் கேள்வியில் ஓர் எழுவாய் இருந்தது. ‘சொல்றான்’. யாரோ ஒருவன் சொல்கிறான் என்றே அவள் காது எதிர்பார்த்தது. அப்படி யாருமில்லை என்பதை எனக்கு விளக்கத் தெரியவில்லை.

7. நின்று சொன்னவர்கள்

மாற்று எப்படி இருக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு.

2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அவ்வூர் இளைஞர். ஆழிப்பேரலைச் செய்தியை அங்கே தொலைக்காட்சியில் கண்டவர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, மீன்பிடி நிலவரம் சொல்லும் ஒலிபெருக்கியில் ஊரை விட்டு ஓடுங்கள் என்று அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் தப்பியது. கருவி அங்கே இருந்தது முக்கியம். அதே கருவி நாள்தோறும் பேசியதும், அன்று பேசிய குரல் ஊருக்குத் தெரிந்த குரலாக இருந்ததும் அதனினும் முக்கியம்.

வங்கதேசத்தில் 1970இன் போலா புயல் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1972 முதல் புயல் ஆயத்தத் திட்டம் என்ற பெயரில் ஊர்தோறும் தன்னார்வலர் பயிற்றப்பட்டனர். கொடி, கைச்சங்கு, கைஒலிபெருக்கி ஆகியவற்றோடு வீடு வீடாகச் செல்வது அவர் பணி. இன்று அவர்களில் பெண்கள் பெருமளவில் உள்ளனர். பறையறைந்தவரின் இரண்டாம் வேலையை, சாதிச்சுமை இல்லாமல், மதிப்புக்குரிய பொதுப்பணியாக மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. ஆந்திரத்தில் 2019இல் ஐம்பது வீடுகளுக்கு ஒருவர் என்று கிராமத் தன்னார்வலர் அமர்த்தப்பட்டனர். 2024 ஆட்சிமாற்றத்திற்குப் பின் ஓய்வூதியம் வழங்கும் பணி அவர்களிடமிருந்து கிராமச் செயலகப் பணியாளருக்கு மாறியது. அதன் அரசியலை ஒதுக்கிவிட்டுக் கேட்கிறேன்: மழையிரவில் இந்தத் தெருவின் கதவுகளைத் தட்ட வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு, ஆட்சி மாறினாலும் மாறாத விடை ஒன்று வேண்டாமா?

2021 நவம்பரின் இன்னொரு நிகழ்வோடு முடிக்கிறேன். அன்னமய்யா உடைந்த இரண்டு மூன்று நாட்களில், திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு தென்பட்டது. விஜயநகரக் காலத்தது என்று வழங்கப்படும் பெரிய ஏரி. அதிகாரிகள் கரைக்கே வந்தனர். கீழுள்ள ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணல்மூட்டைகளால் கரை வலுப்படுத்தப்பட்டது. கரை உடையவில்லை. வீண் அலைச்சல் என்று சலித்தவரும் இருந்திருப்பர். உடையாத ஏரிக்கு நினைவுத்தூண் வைப்பதில்லை, விசாரணையும் இல்லை, ஆய்வேடுகளிலும் அது இடம்பெறுவதில்லை. எச்சரிக்கை என்னும் செயல் முழுமையாக நிகழ்ந்த தருணங்கள் பெரும்பாலும் இவ்வாறே தடமின்றிப் போகின்றன. நம் ஆவணக்காப்பகங்கள் தோற்ற எச்சரிக்கைகளால் நிரம்பியிருப்பதற்கு இதுவே காரணம். வரலாற்று மாணவர்கள் இச்சாய்வை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 2015இலோ 2021இலோ, வேறெந்த வெள்ளத்திலோ புயலிலோ, உங்களுக்கு வந்த முதல் எச்சரிக்கையின் சொற்கள் நினைவிருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். யார் சொன்னார், எம்மொழியில் சொன்னார், ‘நீங்கள்’ என்றாரா, ‘பொதுமக்கள்’ என்றாரா, எங்கே போகச் சொன்னார், நீங்கள் திருப்பிக் கேட்க முடிந்ததா என்ற விவரங்கள் போதும். வீட்டிலுள்ள முதியவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொன்ன வட்டார வடிவத்திலேயே எழுதுங்கள். எழுத்துத்தமிழுக்கு மாற்ற வேண்டா. அந்தச் சொற்கள்தாம் எனக்குத் தேவை.